களவு பழையது, கருவி புதியது

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

அறிவியல் ஒரு கதவைத் திறந்துவிட்டால் அதன் வழியே அறிஞன் மட்டும் நுழைவதில்லை, கள்வனும் நுழைகிறான். மின்சாரம் வந்தபோதும் அப்படித்தான். திரைப்படம் வந்தபோதும் அப்படித்தான். கைபேசி வந்தபோதும் அப்படித்தான். அவன் நுழைந்த பிறகு பூட்டைத் தேடி ஓடுவது சட்டத்தின் வழக்கமாக இருக்கிறது. இந்த ஓட்டத்தில் சட்டம் ஏன் பின்தங்குகிறது, அது எப்போது முந்துகிறது என்று எனக்குத் தோன்றியதை இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன். நான் சட்டம் பயின்றவன் அல்லன். பிழை இருப்பின் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர். ஆனால் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமோ நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வழக்குக் கட்டுகளைச் சுமந்தவாறு வெளியூர்களிலிருந்து வந்து இறங்கும் மக்களைப் பேருந்து நிலையத்தில் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களில் ஒருவராக என் அத்தையும் நிற்பார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அத்தை சத்திரப்பட்டியில் விசைத்தறியில் வேலை பார்ப்பவர். சென்ற ஆண்டு ஒரு மாலையில் அவருடைய கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இரவு 9.30 மணிக்கு இணைப்புத் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் பேசவும் என்பது செய்தி. நம் வீடுகளில் மின்கணக்கு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 'சென்ற மாதம்' என்ற ஒரு சொல்லே பொய்யைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அதைப் படித்துச் சொல்ல அப்போது வீட்டில் ஆள் இல்லை. இத்தகைய செய்திகளை நம்ப வேண்டாம் என்று மின்வாரியம் 2022ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்ததும் அத்தைக்குத் தெரியாது.

அந்த எண்ணில் பேசியவன் 'அம்மா, அம்மா' என்று மரியாதையாகப் பேசினான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான். பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள், கணக்குச் சரியாகிவிடும் என்றான். அந்தச் செயலி அத்தையின் கைபேசித் திரையை அவன் கண்முன் விரித்துக் காட்டியது. சிறிது நேரத்தில் 18,400 ரூபாய் போய்விட்டது. மறுநாள் காலையில்தான் அத்தை என்னிடம் சொன்னார். திட்டுவார்களே என்ற வெட்கத்தில் இரவு முழுவதும் சொல்லவில்லையாம்.

"ஏம்ப்பா, நானும் உன்னை மாதிரி நாலு எழுத்து படிச்சிருந்தா இப்படி ஏமாந்திருப்பேனா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தச் சட்டங்களைப் படிக்கலானேன்.

மின்சாரம் ஒரு பொருளா?

தொழில்நுட்பக் குற்றம் என்றதும் கணினிதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் சட்டத்தைத் திகைக்க வைத்த பழைய தொழில்நுட்பக் குற்றங்களுள் ஒன்று மின்சாரத் திருட்டு.

இந்திய தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஒருவரது கைவசம் உள்ள அசையும் பொருளை அவர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவதே அதன்படி திருட்டு. அசையும் பொருள் என்றால் உருவுள்ள பொருள் என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆடு உருவுள்ளது, அண்டா உருவுள்ளது. மின்சாரம்?

நம் வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். கம்பியில் உள்ள எலக்ட்ரான்கள் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைகின்றன, அவ்வளவே. கம்பத்தில் கொக்கி போட்டவன் வீட்டுக்கு எந்தப் பொருளும் புதிதாகப் போய்ச் சேர்வதில்லை. ஆற்றல்தான் போய்ச் சேர்கிறது. அப்படியானால் அவன் எந்தப் 'பொருளை' எடுத்தான்?

இந்த இடர்ப்பாட்டை நீக்க 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் தன் 39ஆம் பிரிவில் ஓர் ஏற்பாடு செய்தது. மின்னாற்றலை நேர்மையின்றி எடுத்தவன் திருடியவனாகவே கருதப்படுவான் என்றது. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் மின்சாரத்தை எடுப்பது தண்டனைச் சட்டத்தின்படி திருட்டே ஆகாது. ஆகவே மின்சாரச் சட்டம் சொல்லும் முறைப்படிதான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று கூறிற்று. முறை தவறியதால் அந்த வழக்கில் தண்டனையும் நீங்கியது. இன்று மின்திருட்டுக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இருக்கிறது.

குற்றம் என்னவோ ஒன்றுதான். பிறர் உடைமையை உழைக்காமல் எடுப்பது. ஆனால் சட்டத்தில் இருந்த 'உருவுள்ள' என்ற ஒரு சொல், புதிய கருவி வந்ததும் கள்வனுக்கு வாசலாகிவிட்டது.

பின்னால் வந்த சட்டம்

வாசலை அடைத்துவிட்டால் போயிற்று என்று கூறலாம். ஆனால் குற்றவியல் சட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு செயல் நடந்தபோது அது குற்றமாக இல்லாவிட்டால், பின்னால் சட்டம் செய்து அதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. நம் அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு மக்களுக்குத் தந்திருக்கும் பாதுகாப்பு இது. நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் அதன் காரணமாகவே சட்டம் செய்வோர் தூங்க முடியாது.

2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு மின்னஞ்சலில் ஒரு நச்சுநிரல் பரவியது. உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. அது பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பியது என்று கண்டறிந்தார்கள். சந்தேகத்துக்குரியவர் ஓர் இளைஞர். கணினி படித்த மாணவர். அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அச்செயலைக் குற்றமென்று கூறும் சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லை. அடுத்த மாதமே சட்டம் வந்தது. ஆனால் முந்தைய செயலுக்கு அது செல்லவில்லை. வெள்ளம் வடிந்த பின் அணை கட்டிய கதை அது.

நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஒரே ஆண்டில் இரு பாடங்கள்

குற்றவியல் சட்டம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளது. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே புதிய குற்றங்களை எதிர்கொள்ளும் பொறுப்பில் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு இதை எப்படிச் செய்தது என்று பார்க்கையில் 2004ஆம் ஆண்டு நமக்கு இரு பாடங்களைத் தருகிறது.

முதலாவது, குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், குண்டர் முதலியோரை ஓராண்டு வரை விசாரணைத் தீர்ப்பின்றித் தடுப்புக்காவலில் வைக்க அது வழி செய்கிறது. திருட்டு வி.சி.டி. பெருகியபோது, 2004ஆம் ஆண்டு அச்சட்டத்தின் பட்டியலில் 'வீடியோ திருடர்' சேர்க்கப்பட்டனர். பத்தாண்டு கழித்து, 2014இல், 'இணையக் குற்றவாளிகள்' சேர்க்கப்பட்டனர். சட்டத்தின் பெயர் நீண்டுகொண்டே வந்தது.

இன்று வி.சி.டி. எங்கே? அதை ஓட்டும் பெட்டி எத்தனை வீடுகளில் இருக்கிறது? வரையறையில் பதிப்புரிமை மீறல் என்ற குற்றமே கூறப்பட்டிருப்பதால் அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆயினும் அதன் கைக்கு எட்டியவர் யார் என்று கேட்க வேண்டும். பேருந்து நிலையத்தில் பையில் தட்டுகளை வைத்து விற்றவர் எட்டினார். எங்கோ இருந்துகொண்டு படத்தை இணையத்தில் ஏற்றியவர் எளிதில் எட்டவில்லை. தடுப்புக்காவல் அருகில் இருக்கும் கையைப் பிடிக்கும். தொலைவில் இருக்கும் தலையைப் பிடிப்பது அரிது.

இரண்டாவது பாடம் சென்னை எழும்பூர் நீதிமன்றத்திலிருந்து கிடைக்கிறது. ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழு ஒன்றில் ஆபாசமாக எழுதி, அவர் பெயரிலேயே பொய்யான செய்திகளைப் பரப்பிய வழக்கு அது. 2004 பிப்ரவரியில் புகார். அவ்வாண்டு நவம்பரிலேயே தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நம் நாட்டில் கிடைத்த முதல் தண்டனை என்று இதனைக் குறிப்பிடுகிறார்கள்.

தண்டனை எந்தப் பிரிவுகளில் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 67ஆம் பிரிவு புதியது. மற்ற இரண்டும், அதாவது ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கப் பொய்யாவணம் புனைதல், பெண்ணின் மானத்தை இழிவுபடுத்துதல் என்ற 469, 509ஆம் பிரிவுகள், 1860ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைச் சேர்ந்தவை. கணினியைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதப்பட்டவை அவை. எனினும் 144 ஆண்டுகள் கழித்து ஓர் இணையக் குற்றத்துக்குப் பொருந்தின. ஏன்? அவை கருவியைக் கூறவில்லை. மனிதருக்கு நேர்ந்த தீங்கைக் கூறின.

இந்த இரு பாடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கருவியின் பெயரால் எழுதிய சட்டம் கருவியோடு மூப்படைகிறது. தீங்கின் பெயரால் எழுதிய சட்டம் கருவி மாறினாலும் நிலைக்கிறது.

எடுத்த சொல்லும் சேர்த்த சொல்லும்

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு சிறு மாற்றம் என் கண்ணில் பட்டது. அசையும் பொருள் என்பதன் விளக்கத்தில் இருந்த 'உருவுள்ள' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நிலமும் நிலத்தோடு பிணைந்தவையும் நீங்கலாக எல்லா வகை உடைமையும் இப்போது அதில் அடங்கும். மின்சாரத்தின் முன் திகைத்து நின்ற சட்டம், உருவமில்லாத தகவலின் முன் அப்படி நிற்க வேண்டியதில்லை என்று வாதிட இடம் ஏற்பட்டிருக்கிறது. புதிதாக ஒரு கருவியின் பெயரைச் சேர்க்காமல், ஒரு சொல்லை நீக்கியே இதைச் செய்திருக்கிறார்கள்.

சில நேரங்களில் சொல்லைச் சேர்க்கவும் வேண்டும். பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு 1998ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. 2025 ஜனவரியில் சட்டமன்றம் அதைத் திருத்தி, மின்னணு வழியாகத் துன்புறுத்துவதையும் அதே குற்றத்துக்குள் கொண்டுவந்தது; தண்டனையையும் உயர்த்தியது. இங்கே குற்றத்தின் பெயர் துன்புறுத்தல்தான். தெருவில் செய்தாலும் திரையில் செய்தாலும் ஒன்றே என்று சட்டம் கூறுகிறது. இது நல்ல முறை என்பது என் எண்ணம்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பள்ளம் உண்டு. தீங்கு இன்னதென்று தெளிவாகக் கூறாமல் வலையை அகல விரித்தால் குற்றமற்றவரும் சிக்குவர். இணையத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினாலே குற்றம் என்ற 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் நாள் செல்லாது என்று தள்ளியது. அதே தீர்ப்பில் கேரளக் காவல் சட்டத்தின் ஒரு பிரிவும் வீழ்ந்தது. 2020 நவம்பரில் கேரளம் மீண்டும் அத்தகைய ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, எதிர்ப்பு எழவே சில நாட்களில் கைவிட்டது. ஆகவே குற்றத்தைப் பெயரிடும்போது அளந்து பெயரிட வேண்டும். ஆய்வகத்தில் அளவுகோலின் பிழையை முதலில் பார்க்கச் சொல்கிறார்களே, அதுபோல.

சட்டம் யார் கையில்?

இனி அத்தையின் வழக்குக்கு வருகிறேன். அவரை ஏமாற்றியதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. வஞ்சித்துப் பணம் பறித்ததற்கு நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. சட்டம் ஏட்டில் ஆயத்தமாக இருந்தது. ஆனால் அத்தையோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனபோது, மாவட்டத் தலைநகரில் உள்ள சைபர் குற்றப்பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். போய் வந்தால் ஒருநாள் கூலி போயிற்று.

இதன் காரணத்தையும் சட்டத்திலேயே கண்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி அச்சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறைந்த அதிகாரி புலனாய்வு செய்யலாகாது. முதலில் துணைக் கண்காணிப்பாளர் என்று இருந்ததை 2009 அக்டோபரிலிருந்து ஆய்வாளர் என்று குறைத்தார்கள். இது புதுமையான குற்றம், பெரிய அதிகாரிதான் பார்க்க வேண்டும் என்று எண்ணிய காலத்தின் விதி அது. இன்று இக்குற்றம் கோழித் திருட்டைப் போல் ஊர்தோறும் நடக்கிறது. ஓர் ஆய்வாளர் எத்தனையைத்தான் பார்ப்பார்? உதவி ஆய்வாளருக்குப் பயிற்சி தந்து அதிகாரத்தையும் தருவதற்கு இந்த விதியை மறுபடியும் திருத்த வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அது மத்திய அரசின் சட்டம்; மாநிலம் கோரலாம். பயிற்சி தருவதோ மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது.

தாமதம் ஏன் கொடியது என்றால், இத்தகைய குற்றத்தில் பணம் ஓடுகிறது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து வேறு பலவற்றுக்கும் பிரிந்து, கடைசியில் எங்கோ ஓர் இயந்திரத்திலிருந்து தாளாக வெளியேறுகிறது. வெளியேறுமுன் தடுத்தால் மீட்கலாம். அதற்காகவே 1930 என்ற உதவி எண் இருக்கிறது. அதில் கூறியதும் செய்தி வங்கிகளுக்குப் போய், பணம் நிற்கும் கணக்கில் அதை முடக்க முயல்கிறார்கள். அத்தை அன்று இரவே அந்த எண்ணை அழைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் அதை அறிந்தவர் அன்று ஒருவரும் இல்லை. கல்லூரியில் படிக்கும் நானும் அறியவில்லை.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. மின்னணு முறையிலும் தரலாம். மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட்டால் போதும். இது ஊர்தோறும் உண்மையாக நடந்தால் அத்தை போன்றோர் கூலியை இழந்து பேருந்து ஏற வேண்டியதில்லை.

அருகில் இருக்கும் கை

நண்பர்களே, இனி நான் கூறப்போவது நம்மைப் பற்றியது.

அத்தையின் பணம் முதலில் எந்தக் கணக்குக்குப் போயிற்று என்று விசாரணையில் தெரியவந்தது. அது வேறொரு மாநிலத்தில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவரின் கணக்கு. அவர் அத்தையோடு பேசியவர் அல்லர். தம் கணக்கையும் அட்டையையும் சிறு தொகைக்கு யாருக்கோ இரவலாகக் கொடுத்தவர்.

அதைக் கேட்டபோது என் உடல் நடுங்கியது. ஏனெனில் அதற்குச் சில மாதங்களுக்கு முன் என்னிடமும் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தார். உன் கணக்கில் உதவித்தொகை தவிர என்ன வருகிறது, ஒரு மாதம் கொடு, மூவாயிரம் ரூபாய் தருகிறேன் என்றார். வியாபாரக் கணக்கு, வரிக்காக என்று காரணமும் கூறினார். நான் அப்போது மறுத்தது அறத்தினால் அன்று. அட்டை அப்பாவிடம் இருந்தது, அவ்வளவே. என் கையில் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனோ என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். எங்கோ ஓர் அத்தை, நான் வாங்கிய மூவாயிரத்துக்காக இரவெல்லாம் விழித்திருப்பார்.

முன்னே கூறிய திருட்டு வி.சி.டி. கதையை நினைவுகூருங்கள். தொலைவில் உள்ள தலை தப்பிக்கும். அருகில் உள்ள கை அகப்படும். இக்காலத்தில் அந்த அருகில் உள்ள கை நம்முடைய வங்கிக் கணக்கு. முகவரி, ஆதார், கையொப்பம், புகைப்படம் அத்தனையும் நம்முடையவை. பேசியவனின் குரல் மட்டுமே அவனுடையது. காவல்துறை முதலில் நம் வாசலில்தான் வந்து நிற்கும்.

சட்டமும் இங்கே ஒரு தெளிவு தர வேண்டும். அறிந்தே கணக்கை வாடகைக்கு விடுவதைத் தனிக் குற்றமாக வரையறுத்து, அதற்கேற்ற அளவான தண்டனையைக் குறித்தால், மாணவர் முன்கூட்டியே அஞ்சி விலகுவர். அறியாமல் சிக்கியவரும் கும்பல் தலைவனும் ஒரே தட்டில் நிறுக்கப்படும் நிலையும் ஏற்படாது. தடுப்புக்காவலுக்கு அனுப்புவதைவிட இது நன்று.

முடிவுரை

முடங்கிய கணக்கொன்றில் அத்தையின் பணத்தில் 6,000 ரூபாய் நின்றிருந்தது. நீதிமன்றத்தில் மனுச் செய்து, உத்தரவு பெற்று, பல மாதங்கள் கழித்து அது கைக்கு வந்தது. மீதம் வரவில்லை. வந்த பணத்தை எண்ணிய அத்தை, பழைய கேள்வியை மறுபடியும் கேட்டார். இம்முறை என்னிடம் விடை இருந்தது. படித்தவர்களும் ஏமாறுகிறார்கள் அத்தை. அதோடு, ஏமாற்றியவனுக்குக் கணக்குக் கொடுத்ததே படிக்கிற பையன்தான் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

சட்டம் கருவியைத் துரத்தாமல் தீங்கைப் பெயரிட வேண்டும். அப்பெயரை அளந்து இட வேண்டும். புகாரை வாங்குபவர் கையில் அறிவும் அதிகாரமும் இருக்க வேண்டும். இவை ஆள்வோர் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியவை எளியவை. நம் வீட்டிலும் தெருவிலும் எழுத்தறியாத ஒவ்வொருவர் கைபேசியிலும் 1930 என்ற எண்ணைப் பதிந்து வைப்போம். ஏமாந்தவரைத் திட்டாதிருப்போம், திட்டுக்கு அஞ்சி அவர் மறைக்கும் ஓர் இரவுதான் கள்வனுக்குக் கிடைக்கும் காலம். நம் கணக்கை எவருக்கும் இரவல் தராதிருப்போம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் முதலில் தத்தம் அத்தைமார்களின் கைபேசியை வாங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.